மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு நின்று மூளை பாதிக்கப்பட்டால் வழக்குப் போட முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது, கொஞ்சம் உடல் பருமன், பித்தப்பைக் கல்லுக்காகப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்பராஸ்கோப்பி அறுவை. நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா குறட்டை விட்டுத் தூங்கினார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருக்கிறது, கூப்பிட்டால் அசைவில்லை. உடனே ஐசியூ, வென்டிலேட்டர். உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் 14 மாதம் ஆகியும் நினைவு தடுமாறுகிறது, அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார், தெருப் பெயர் நினைவில்லை. மருத்துவமனையில் கேட்டால் "அனஸ்தீசியா அவங்களுக்கு ஒத்துக்கல, யாருக்கு வேணும்னாலும் நடக்கலாம், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் போலீஸுக்குப் போ என்கிறார்கள். என்ன செய்வது?

நான் மயக்கவியல் மருத்துவர். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன், இந்த மாதிரி வழக்குகளில் கேஸ் ஷீட்டை, அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவைப் படித்துக் கருத்து எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் தவறு நடந்தது, நடக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கதையில் எந்த இடத்தைக் குடைய வேண்டும் என்று சொல்ல முடியும்.

மயக்க மருந்தில் மூச்சுப் பிரச்சினை வருவது தானாகவே அலட்சியம் ஆகிவிடாது, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழு மயக்கம் கொடுக்கும்போது நாங்கள் செய்வதே நோயாளியின் மூச்சை நிறுத்தி, அந்த வேலையை எங்கள் கையில் எடுத்துக்கொள்வதுதான். புரோபோஃபால் போட்டால் தூக்கம் வரும், ஃபென்டானில் வலியை அடக்கும், கூடவே மூச்சு விடும் உந்துதலையும் அடக்கும், அட்ரகூரியம், வெக்குரோனியம் மாதிரி மருந்துகள் நெஞ்சுத் தசை உட்பட எல்லாத் தசையையும் தளர்த்திவிடும். அப்புறம் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டு மெஷினில் இணைக்கிறோம். ட்யூப் போடுவதற்கு முன் சில நிமிடம் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்பியிருந்தால், ஆரோக்கியமான, ஒல்லியான ஆளுக்கு மூச்சு நின்றாலும் ஏழெட்டு நிமிடம்வரை தாங்கும். பருமனானவருக்கும் கர்ப்பிணிக்கும் அதில் பாதிகூட இருக்காது. மூளைக்கு ஆக்ஸிஜன் கொஞ்சமும் போய்ச் சேராமல் நாலைந்து நிமிடம் ஆனால் மூளைச் செல்கள் சாக ஆரம்பிக்கும், அதற்கு மேல் போகிற ஒவ்வொரு நிமிடமும் ஒரு மனிதரின் பேச்சு, நினைவு, நடை.

இதில் கெட்டுப்போக வழி நிறைய உண்டு. ட்யூப் மூச்சுக்குழாய்க்குப் பதிலாக உணவுக்குழாய்க்குள் போய்விடலாம். அது யாருக்கும் நடக்கக்கூடியதுதான், அதை உடனே கண்டுபிடிக்காமல் இருப்பதுதான் மன்னிக்க முடியாதது, ஏனென்றால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் சில மூச்சிலேயே தெரிந்துவிடும். விரலில் மாட்டி ஆக்ஸிஜனை அளக்கும் கருவி மட்டும் இருந்தால் தாமதமாகத்தான் தெரியும், ஆக்ஸிஜன் இறங்க ஆரம்பித்த பிறகு. சளி பிடித்த குழந்தைக்கு மயக்கம் இறங்கும் நேரத்தில் குரல்வளை இறுகி மூடிக்கொள்ளலாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். இதற்குத்தான் சாப்பாடு சாப்பிட்டு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்கிறோம். இதில் நோயாளி வீட்டுத் தவறும் உண்டு. "பிள்ளை அழுவுது, ஒரு வாய் இட்லிதானே" என்று பாட்டி ஊட்டிவிட்டு அதை மறைத்தால், பிறகு நடப்பதற்கு டாக்டரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குறட்டை, பீடி சிகரெட், குடி, ஆஸ்துமா எதையும் மறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டும் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். "ஒத்துக்கல" என்ற பதில் எனக்குப் பொருந்தவில்லை. மயக்க மருந்துக்கு உண்மையான ஒவ்வாமை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே காட்டிவிடும்: ரத்த அழுத்தம் தடாலென்று விழும், மூச்சுக்குழல் இறுகும், தோல் சிவந்து தடிக்கும். அப்படி ஒன்று நடந்திருந்தால் அது தியேட்டருக்குள்ளேயே பதிவாகியிருக்கும், அட்ரினலின் கொடுத்திருப்பார்கள், அறுவை "நல்லபடியாக முடிந்தது" என்று வெளியே வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். வார்டுக்கு வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் ஒரு மணி நேரம் கழித்து நீலமானால் என் மனம் முதலில் வேறு இடத்துக்குப் போகும்.

அந்தக் குறட்டைதான் இடம். அறுவை முடிந்து வந்தவர் கர் கர் என்று சத்தம் போட்டால் வீட்டு ஆட்கள் நிம்மதியாகி "நல்லா தூங்குறாங்க, எழுப்பாதே" என்பார்கள். சில சமயம் வார்டு நர்ஸும் அதையே சொல்வார். ஆனால் அது நாக்கும் தொண்டைத் தசையும் பின்னால் விழுந்து காற்றுப் பாதையை அடைக்கிற சத்தமாக இருக்கலாம். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: மூச்சை இழுக்கும்போது நெஞ்சு மேலே வராமல் உள்ளே போகும், வயிறு மட்டும் உப்பும், கழுத்துக் குழி பள்ளமாகும். கொஞ்ச நேரத்தில் சத்தமே நின்றுவிடும், அதைப் பார்த்து இன்னும் நிம்மதியாகிவிடுவார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், தசை தளர்த்தும் மருந்தின் பாக்கி. அறுவை முடிந்ததும் நியோஸ்டிக்மினும் கிளைக்கோபைரோலேட்டும் போட்டு அதன் வேலையை முறிக்கிறோம். அளவோ நேரமோ குறைந்தால் கொஞ்சம் மிச்சம் நிற்கும், உதரவிதானம் சீக்கிரம் தேறிவிடும், தொண்டைத் தசை கடைசியாகத்தான் தேறும். அதனால் ட்யூப் எடுக்கும்போது மூச்சு நன்றாக விடுவதுபோல் இருந்தவருக்கு, தூண்டுதல் குறைந்து படுக்கையில் அசந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இதன் மேல் வலிக்காகக் கொடுத்த ஃபென்டானிலோ ட்ராமடாலோ சேர்ந்தால், அதற்கும் மேல் நோயாளி ஏற்கெனவே வீட்டில் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று எழுகிறவராக இருந்தால், ஆபத்து பல மடங்கு. இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தால் மூச்சு மெதுவாகி கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனாலும் விரல் கருவியில் 97, 98 என்று அழகாகக் காட்டும். வார்டுக்கு மாற்றும்போது அந்த மாஸ்க்கை எடுத்ததும் சடசடவென்று இறங்கும். எண் நன்றாக இருக்கிறது என்பதால் மூச்சு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஆளைத் தட்டி எழுப்பி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும்.

இது எனக்கு மட்டும் தோன்றுகிற விஷயம் இல்லை. அமெரிக்காவில் மயக்கவியல் மருத்துவர் சங்கம், முடிந்துபோன நஷ்டஈடு வழக்குகளை 1985-இல் தோண்டிப் படிக்க ஆரம்பித்தது. 1990-இல் வந்த அறிக்கையில் 34 சதவீத வழக்குகள் மூச்சு சம்பந்தப்பட்டவை, அவற்றில் 85 சதவீதம் மரணத்திலோ மூளைப் பாதிப்பிலோ முடிந்தவை. போதுமான மூச்சு கிடைக்காதது, ட்யூப் உணவுக்குழாயில் போனது, ட்யூப் போட முடியாமல் போனது, இந்த மூன்றும்தான் முக்கியக் காரணங்கள். முதல் இரண்டில் பெரும்பாலானவை ஒழுங்காகக் கண்காணித்திருந்தால் தடுத்திருக்கக்கூடியவை என்று கண்டார்கள். பிரிட்டனில் நாடு முழுக்க எடுத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் மூச்சுப் பாதை விபத்துகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மயக்கம் தெளியும் நேரத்திலும், அதன் பிறகு வைத்துக் கவனிக்கும் ரிக்கவரி அறையிலும் நடந்திருந்தது. விமானம் ஓட்டுபவர்கள் கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான் அதிகக் கவனமாக இருப்பார்கள். எங்கள் தொழிலில் கிளம்பும்போது எல்லோரும் சுற்றி நிற்கிறோம், இறங்கும்போது ஆள் குறைந்துவிடுகிறது.

நம் பக்கம் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது, மனம் வலித்துத்தான் சொல்கிறேன். சின்ன மருத்துவமனைகள் பலவற்றில் மயக்க டாக்டர் அங்கேயே இருக்கும் ஆள் கிடையாது. போன் வந்தால் போவார். மஞ்சக்குப்பத்தில் ஒரு கேஸ், முடித்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூர், அப்புறம் பண்ருட்டி. அடுத்த இடத்தில் சர்ஜன் காத்திருக்கிறார் என்ற அவசரத்தில், நோயாளி முழுதாகத் தெளிவதற்குள் கிளம்பிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ரிக்கவரி ரூம் என்று போர்டு இருக்கும், உள்ளே மானிட்டர் இருக்காது, அல்லது மானிட்டர் இருக்கும், பார்க்க ஆள் இருக்காது. நல்ல மருத்துவமனைகளும் நிறைய உண்டு, அங்கே 10-க்கு 9 மதிப்பெண் வராமல் நோயாளியை வார்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, ஆக்ஸிஜன் என்று ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண் போடும் ஆல்ட்ரெட் ஸ்கோர் 1970-லிருந்தே இருக்கிறது, அன்று ஆக்ஸிஜன் இடத்தில் தோலின் நிறத்தைப் பார்த்தார்கள்.

ஆகவே உங்கள் வழக்கின் உயிர் தியேட்டருக்குள் இருக்கிறதோ இல்லையோ, ட்யூப் எடுத்த நிமிடத்திலிருந்து ஐசியூவுக்கு ஓடிய நிமிடம் வரை இருக்கிற இடைவெளியில் இருக்கிறது. அந்த நேரம் யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள், எதை எழுதினார்கள், நீலமானதும் எத்தனை நிமிடத்தில் மூச்சுக் கொடுத்தார்கள்?

அதற்கு ஆவணம் வேண்டும். இன்றைக்கே மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: முழு கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும். அனஸ்தீசியாவுக்கு முந்தைய பரிசோதனைக் குறிப்பு, அனஸ்தீசியா சார்ட், ரிக்கவரி பதிவு, நர்ஸ் எழுதும் குறிப்பு, ஐசியூ சார்ட், கன்சென்ட் படிவங்கள் எல்லாம் பெயர் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, அது அவர்கள் பிறகு உட்கார்ந்து எழுதியது. நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள், தபாலில் என்றால் ஒப்புகையோடு அனுப்புங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் வரை பத்திரப்படுத்தியும் வைத்திருக்க வேண்டும். தராமல் இழுத்தால் அதுவே பிறகு அவர்களுக்கு எதிராகப் பேசும். அதே கடிதத்தில் மானிட்டரின் பதிவையும் வராந்தா சிசிடிவி பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி எழுதுங்கள். 14 மாதத்தில் பெரும்பாலும் அழிந்திருக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

வீட்டில் இருக்கும் பார்மசி பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அவசரத்தில் சீட்டு எழுதி நம்மையே ஓடவிடுவார்கள் இல்லையா, அந்த பில்லில் மருந்து பெயரும் நேரமும் அச்சாகியிருக்கும். ஃபென்டானில் மாதிரி வலி மருந்தை முறிக்கும் நலோக்ஸோன் வாங்கியிருந்தால் வலி மருந்தின் பாதிப்பு என்று டாக்டரே அன்று சந்தேகப்பட்டார் என்று பொருள். சாயங்காலம் இரண்டாவது முறை நியோஸ்டிக்மின் வாங்கியிருந்தால் தசை மருந்து மிச்சம் இருந்தது என்று நினைத்திருக்கிறார். ரத்த வாயுப் பரிசோதனைச் சீட்டிலும் மெஷினே நேரத்தை அடிக்கும், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஏறியிருந்தது என்றும் அதில் இருக்கும். கையால் எழுதிய நேரத்தையும் மெஷின் அடித்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனஸ்தீசியா சார்ட்டில் பொதுவாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித் துடிப்பு, அழுத்தம், ஆக்ஸிஜன் எழுதுவோம், உண்மையான சார்ட்டில் எண்கள் மேலும் கீழும் போகும். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே எண் கோடு போட்ட மாதிரி ஓடினால் அது எப்போது எழுதப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கும்.

இனி சட்டம். போலீஸ் புகார் முதல் வழி அல்ல. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: டாக்டர் மேல் குற்ற வழக்குப் போக சாதாரண அலட்சியம் போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும், நடவடிக்கைக்கு முன் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரின், முடிந்தால் அரசு மருத்துவரின் கருத்தை வாங்க வேண்டும், மற்ற குற்றங்களைப் போல வழக்கமாகக் கைது செய்யக் கூடாது. அந்த வழக்கே மூச்சு பற்றியதுதான். லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு முதியவருக்குக் கொண்டுவந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பது புகார். அதிலேயே டாக்டர் மேலான குற்ற வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது. அது மருத்துவமனை மேல் சிவில் பொறுப்பாக வேண்டுமானால் இருக்கலாம் என்றது. போலீஸ் வழியில் அம்மாவின் சிகிச்சைச் செலவுக்கு நஷ்டஈடு கிடைக்கும் என்றும் நம்ப முடியாது.

உங்களுக்கு ஏற்ற வழி நுகர்வோர் ஆணையம். தனியார் மருத்துவமனைக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே நீங்கள் நுகர்வோர், இதை 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் இது பொருந்தும். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி கிடையாது, சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்ற ரிட் மனுவோதான்.

புதுச்சேரியில் சிகிச்சை, அதனால் புதுச்சேரிக்கு அலைய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்தில். அங்கே தோற்றாலோ ஜெயித்தாலோ மேல்முறையீடு சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மாநில ஆணையத்துக்குப் போகும், புதுச்சேரியில் போட்டால் அங்கே உள்ள மாநில ஆணையத்துக்கு. எது வசதி என்று வக்கீலோடு யோசித்து முடிவெடுங்கள். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, சிகிச்சைக்குக் கட்டிய பணத்தை வைத்து. அது 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீலுக்குப் பணம் கஷ்டம் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, அம்மா பெயரில் கேட்கலாம்.

காலக்கெடு 2 வருடம். உங்களுக்கு மிச்சம் இருப்பது 10 மாதம். அது நிறைய என்று நினைக்காதீர்கள், ஆவணம் வாங்கவும் நிபுணர் கருத்து வாங்கவும் மாதங்கள் ஓடிவிடும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது.

யாரைச் சேர்ப்பது? மருத்துவமனை, சர்ஜன், மயக்க டாக்டர் மூவரையும். "அனஸ்தீசியா டாக்டர் வெளியாள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: வெளியிலிருந்து அழைத்த டாக்டராக இருந்தாலும் நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனை, கவனமாகத்தான் பார்த்தோம் என்று காட்ட வேண்டியதும் அவர்கள்தான். அம்மாவோடு நீங்களும் மனுதாரராக இருக்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் நர்ஸ் போட்ட தவறான ஊசியால் மூளை பாதித்த குழந்தைக்கு 12.5 லட்சமும், தனியாகப் பெற்றோருக்கு 5 லட்சமும் கொடுத்தார்கள், சேவையை அமர்த்தியவர்களும் நுகர்வோர்தான் என்று.

கையெழுத்து விஷயம். கன்சென்ட் என்பது ஆபத்து தெரிந்து சிகிச்சைக்குச் சம்மதிப்பது. கவனிக்காமல் விடுவதற்குச் சம்மதம் யாரும் கொடுக்க முடியாது, எந்தப் படிவமும் அப்படி வாங்கவும் முடியாது. படிவத்தில் அனஸ்தீசியாவுக்குத் தனிக் கையெழுத்து இருக்கிறதா, உங்களுக்குப் புரியும் மொழியில் இருந்ததா என்று பாருங்கள்.

நிபுணர் கருத்து ஒவ்வொரு வழக்கிலும் கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் மூச்சு, மருந்து, நிமிட நேரக் கணக்கு என்று வரும் இந்த மாதிரி வழக்கில் ஒரு மயக்கவியல் மருத்துவரின் கருத்து இல்லாமல் போகாதீர்கள் என்பதுதான் என் எண்ணம். உள்ளூரில் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்பதால் தயங்குவார்கள், வெளியூர் அரசு மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள், அல்லது மருத்துவக் குழுவின் கருத்தைப் பெறும்படி ஆணையத்திடமே மனு போடுங்கள். டாக்டர் செய்தது அந்தத் துறையில் நியாயமான திறமை உள்ள ஒருவர் செய்வதுதானா என்பதே அளவுகோல், மிகச் சிறந்த டாக்டர் என்ன செய்திருப்பார் என்பது அல்ல. ரிக்கவரியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதியிருக்கிறார்கள், நீலமான நிமிடத்தில் ஆள் வந்திருக்கிறார்கள், சரியான மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று ஆவணம் காட்டினால் நீங்கள் தோற்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் தெரிந்தே இறங்குங்கள். வழக்கு 3 மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் ஆகும். நடுவில் சமாதானம் பேச வருவார்கள், டாக்டர்களுக்கு இதற்கென்று காப்பீடு இருக்கும். அம்மாவின் எதிர்காலச் செலவைக் கணக்குப் போடாமல் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கைவிட அவசரமானது ஒன்று. அம்மாவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா? ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரி கோரிமேட்டில்தான் இருக்கிறது, நரம்பியல் ஓபியில் காட்டுங்கள், நினைவுப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். 14 மாதம் ஆனாலும் பழக்கத்தால் திரும்பப் பெறக்கூடியது கொஞ்சம் இருக்கும். அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள், அது உதவித்தொகைக்கும் ஆகும், பாதிப்பு எத்தனை சதவீதம் என்பதற்கு ஆணையத்தில் ஆதாரமும் ஆகும். சமையலறையில் தனியாக விடாதீர்கள். இனி எந்த அறுவைக்குப் போனாலும், பல் பிடுங்க மயக்க ஊசி என்றாலும்கூட, முன்பு இப்படி நடந்தது என்று மயக்க டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், வீட்டில் எப்படிக் குறட்டை விடுவார், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா என்பதையும் சேர்த்து.

ஆவணங்கள் வந்ததும் அனஸ்தீசியா சார்ட், ரிக்கவரி பக்கம், ரத்த வாயுச் சீட்டு இந்த மூன்றையும், எல்லாப் பெயரையும் மறைத்து, தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் தம்பி. படித்துப் பார்த்து, வழக்கு நிற்குமா நிற்காதா என்று எனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்கிறேன்.